உள்ளே இரண்டு பேர்

மார்ச் 3, ஞாயிறு

அப்பா அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். நீர்த்தேக்கத்துக்குத் தூண்டிலோடு போனவர் மதியத்துக்கு முன்னால் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. தூண்டில் பையை வாசல் மூலையில் சாய்த்தார். மண்புழு டப்பாவைத் திறந்து பூந்தொட்டியில் கவிழ்த்தார்.

அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "என்ன, மீனுக்கெல்லாம் இன்னிக்கு லீவா?"

"கேட்டுல புதுப் பூட்டு. 'தனியார் நிலம், நுழையாதே'ன்னு போர்டு வேற."

"'நுழையாதீர்கள்'னுகூட எழுதலையா?"

"இல்ல."

பூட்டைவிட அதுதான் அவரை அதிகம் புண்படுத்தியிருக்கிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா. சிப்பந்திக்கு எழுதும் துண்டுச் சீட்டில்கூட 'தயவுசெய்து' போடுகிறவர்.

மார்ச் 5, செவ்வாய்

அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் தண்ணீர் வாரியத்துக்குப் போன் செய்தேன். அப்பாவின் மீன்பிடி உரிமம் டிசம்பர் வரை செல்லுமாம்.

"ஆனா கேட்டைப் பூட்டிட்டாங்களே?"

"அது எங்க கையில இல்லீங்க. தண்ணிதான் எங்களுது. சுத்தி இருக்கிற நிலம் முழுக்கத் தனியார்."

"அப்போ தண்ணிக்கு எப்படிப் போறது?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "போட்டுல போகலாம். அதுக்குத் தடை இல்லை."

"போட்டை உள்ள எப்படிக் கொண்டு போறது?"

"அதுக்கு வழி வேணும்," என்று ஒப்புக்கொண்டாள். பாவம், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

அப்பாவோடு கேட் வரை போனேன். எத்தனை வருடம் ஆகிறது? எண்ணவில்லை.

மூன்று பேர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்த நர்ஸ் அக்கா. எழுபதைத் தாண்டிய தபால்காரர். ஓய்வு பெற்ற பிறகும் அவரை எல்லோரும் தபால் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முள்ளு. உடம்பைப் பார்த்தால் பெயருக்குக் காரணம் கேட்கத் தோன்றாது. பள்ளிக்கூடப் பதிவேடுகளோடு ஆயுளைக் கழித்ததால் அப்பா அவர்களுக்கு ரிஜிஸ்டர்.

கேட்டுக்கு அப்பால் மரத்தோப்பு, தோப்புக்குள் இருபது நிமிட நடை, அப்புறம் தண்ணீர். நீர்த்தேக்கத்துக்கு வேறு வழி கிடையாது. தோப்பு ஒரு மர வியாபாரியுடையது. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் போன வருடக் கடைசியில் விற்றுவிட்டான். வாங்கியவர் தண்ணீரைப் பார்த்தபடி விடுமுறை வீடுகள் கட்டப்போகிறார்.

அவரே காரில் வந்து இறங்கினார். சண்டைக்காரர் மாதிரி இல்லை. எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

"உங்க யார் மேலயும் எனக்குக் கோபம் இல்லைங்க. நாளைக்கு ஒருத்தர் வழுக்கி விழுந்தா என்னைத்தானே கேப்பாங்க?"

"முப்பது வருஷமா விழுந்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றார் முள்ளு. "யாரையாவது கேட்டோமா?"

"அதேதாங்க நானும் சொல்றேன். யாரையும் கேக்காம..."

தபால்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கேட் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தகரப் பெட்டி இன்னும் அங்கேயே தொங்குகிறது. முன்பு அதற்குள் ஒரு நோட்டு இருக்கும், நூலில் கட்டிய பென்சிலோடு. உள்ளே போகிறவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போவோம்.

திரும்பி வரும்போது அப்பாவுக்கு முட்டி வலி. என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "அதெல்லாம் வேணாம்மா," என்றார். பத்தடி போனதும் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 12, செவ்வாய்

அந்தப் பென்சிலின் ருசிகூட ஞாபகம் இருக்கிறது. எழுதுவதற்கு முன் நாக்கில் தொட்டுக்கொள்வேன்.

மார்ச் 23, சனி

நர்ஸ் அக்கா தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சட்டம் நான் நினைத்ததைவிட எளிமையாக இருக்கிறது. ஒரு வழியில் ஜனங்கள் இருபது வருடம் தொடர்ந்து நடந்திருக்க வேண்டும். ஒளிந்து நடந்திருக்கக் கூடாது. யாருடைய அனுமதியிலும் நடந்திருக்கக் கூடாது. அப்படி நடந்திருந்தால் அது பொது வழி. நிலம் கைமாறினாலும் வழி மாறாது.

"நாம யார்கிட்ட அனுமதி கேட்டோம்?" என்றார் தபால்காரர். "எனக்குப் பத்தொன்பது வயசுலேர்ந்து போறேன். அவர் பாத்துக்கிட்டே இருப்பாரு, நான் போய்க்கிட்டே இருப்பேன்."

மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று. மே மாதம் விசாரணை. அப்பா மனுவைத் தன் கையாலேயே எழுதினார். மூன்று தடவை திருத்தி எழுதினார். ரொம்ப நாளைக்கப்புறம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நானும் நல்ல மனநிலையில் இருக்கிறேன். கரையில், தண்ணீர் திறந்துவிடும் வால்வு கோபுரத்துக்குப் பக்கத்தில் கல் சரிவு ஒன்று இறங்கும். அதில் நீர்மட்டத்துக்காக எண் எழுதிய கம்பங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் எண்களை நான் அங்கேதான் கற்றேன். "இன்னிக்குத் தண்ணி எத்தனைல இருக்கு?" என்பார் அப்பா. "பதினேழு!" என்று கத்துவேன். "மெதுவா. மீனுக்கும் காது இருக்கு." தண்ணீருக்குமேல் காலைப் பனி ஒரு முழ உயரத்தில் நிற்கும். அப்பா ஆரஞ்சை ஒரே சுருளாக உரித்து, அந்தத் தோலை என் மணிக்கட்டில் வளையலாகச் சுற்றிவிடுவார். அலுவலகத்தில் எல்லோருக்கும் பயந்தவர், அங்கே ஒரு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். என் சின்ன வயது ஞாயிறுகள் எல்லாம் அங்கேதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

எதிர்த்தரப்பு வக்கீல் அனுப்பிய ஆவண நகல்களை எடுத்துக்கொண்டு நர்ஸ் அக்கா வந்தார். முகம் சரியில்லை.

கேட்டில் தொங்கிய நோட்டுகள். நிலத்தோடு சேர்த்து அவையும் புது முதலாளிக்குப் போயிருக்கின்றன. பதின்மூன்று வருடத்துக்கு ஏழு நோட்டுகள். முதல் நோட்டின் முதல் பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அச்சு மாதிரி எழுத்தில் ஒரு தலைப்பு:

'உரிமையாளரின் அனுமதி பெற்று உள்ளே செல்வோர் விவரம்.'

கீழே எல்லோருடைய கையெழுத்தும். தபால்காரர், முள்ளு, அக்கா... எல்லோரும்.

"யாரு எழுதினது இது?" என்றார் அக்கா.

கேட்க வேண்டியதே இல்லை. அந்தக் கையெழுத்தில்தான் என் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். "நான்தாம்மா," என்றார். "தலைப்பு இல்லாம வெறும் நோட்டா தொங்குச்சு. பார்க்க மொட்டையா இருந்தது."

"உங்கப்பாவுக்கு வெறும் தாளைப் பாத்தா கை அரிக்கும்," என்றாள் அம்மா. யாரும் சிரிக்காததால் உள்ளே போய்விட்டாள்.

எதிர்த்தரப்பு வாதம் இதுதான்: நோட்டு ஏற்கெனவே இருந்த வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறது, அவ்வளவே. அதற்கு முன்னாலும் இவர்கள் அனுமதியோடுதான் போயிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இப்படி ஒரு தலைப்புக்குக் கீழே நாற்பது பேர் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

மர வியாபாரி உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்துபோகும். இல்லையே.

ஏப்ரல் 9, செவ்வாய்

அப்பா சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்தார். முள்ளு போனில் தமாஷாகத்தான் சொன்னாராம்: "ரிஜிஸ்டரு, உங்க கையெழுத்து இவ்வளவு அழகா இல்லாம இருந்திருக்கலாம்." அப்பா அதை என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

நாளெல்லாம் மற்றவர்கள் எழுதியதில் வேண்டாத வார்த்தையை அடிப்பதுதான் என் பிழைப்பு. அந்த மூன்று வார்த்தையை அடிக்க அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்திருந்தால்...

இருந்தேனா? இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 13, சனி

அப்பா தூங்கும்போது நகல்களை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று தெரியவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அப்பா எழுதியிருக்கிறார். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எத்தனை பேர், எத்தனை மீன். எத்தனை பேர் என்ற இடத்தில் எப்போதும் '2'. நானும் அவரும்.

எனக்குப் பதினைந்து வயதானபோது 2. கல்லூரிக்கு வெளியூர் போய் விடுதியில் இருந்த மூன்று வருடமும் 2. வேலையில் சேர்ந்த பிறகும் 2. போன நவம்பரில், கடைசி நோட்டின் கடைசி வரியிலும் 2.

போன நவம்பரில் நான் அங்கே போகவே இல்லை. அதற்கு முந்தைய நவம்பரிலும் இல்லை. மூன்று வாரம் முன்பு இந்த நோட்டில் 'என் சின்ன வயது ஞாயிறுகள் எல்லாம்' என்று எழுதியிருக்கிறேன். எல்லாமா? எப்போது நிறுத்தினேன்?

ஏப்ரல் 20, சனி

பரண் மேலிருந்த பெட்டியை இறக்கினேன். பதினொரு வயதிலிருந்து எழுதிய நாட்குறிப்புகள். யாரும் பார்த்ததில்லை, நானே திரும்பப் பார்த்ததில்லை. பதினாலாம் வயது நோட்டுக்குச் சாக்லேட் தாளால் அட்டை போட்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு:

'கேட்டில் மர வியாபாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆடு வாங்கியிருக்கிறார். கேட்டைச் சாத்திட்டுப் போங்க சார், ஆடு ஓடிடும் என்றார். அப்பா சொன்னார், வழி எங்களுது, கேட் உங்களுது, கண்டிப்பா சாத்திடறோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா இவ்வளவு தைரியமாகப் பேசி நான் கேட்டதில்லை.'

ஜூனில் ஒரு ஞாயிறு:

'கேட்டில் இன்று ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறார். மரம் வெட்டப்போகிறார்களாம். உள்ளே எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும் சார், மரம் யார் தலையிலும் விழக் கூடாது, வேற ஒண்ணுத்துக்கும் இல்ல என்றார். அப்பா உடனே பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் தலைப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். அனுமதி அது இது என்று பெரிதாக. என்ன சார் இது, நான் யாரு அனுமதி குடுக்க என்றார் அவர். மரியாதைக்கு இருக்கட்டும் என்றார் அப்பா.'

நர்ஸ் அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அதற்குள் கண் அடுத்த பத்திக்குப் போய்விட்டது.

'மீன் பிடிக்க வந்தவர் ஸ்கேலோடு வருகிறார்! பின்னால் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் சைக்கிளில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ரிஜிஸ்டர் பெண்ணு, இங்கே மீன் வாடை. அப்பா பக்கத்தில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. வேறு யாருடைய மகளாகவாவது பிறந்திருக்கலாம். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு கணக்கு வகுப்பு என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார். இனி இவரோடு எங்கேயும் போக மாட்டேன்.'

போனைக் கீழே வைத்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கணக்கு வகுப்பு ஒன்றும் கிடையாது. ஞாயிறு முழுக்கப் பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். இன்று நான் படித்தவள் என்று பெயர் வாங்கியிருப்பதெல்லாம் அந்த ஞாயிறுகளில் ஆரம்பித்ததுதான். ஒரு பொய்யிலிருந்து.

அதை எப்படி மறந்தேன்? ஆரஞ்சுத் தோலை வைத்துக்கொண்டு இதை எங்கே தொலைத்தேன்? அந்தப் பென்சிலைக்கூட நான் ஒரே ஒரு ஞாயிறுதான் தொட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அப்பாவிடம் நேராகக் கேட்க வாய் வரவில்லை. சும்மா கேட்பது போல, "ஏம்ப்பா நோட்டுல எப்பவும் ரெண்டு பேர்னு போட்டிருக்கீங்க?" என்றேன்.

செய்தித்தாளை இறக்காமல் சொன்னார்: "ஒரு ஆளைக் காணோம்னா கொஞ்ச நேரம் தேடிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. ரெண்டு பேரைக் காணோம்னா இன்னும் கொஞ்சம் தேடுவாங்க, இல்ல?"

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மே 4, சனி

நர்ஸ் அக்காவிடம் சொல்லிவிட்டேன், அந்த இரண்டு ஞாயிறுகளையும். அக்கா என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார். "பொண்ணே, இதாண்டி வேணும்!" உடனே வக்கீலம்மாவைக் கூப்பிட்டார்.

இரண்டு பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் போதாதா? போதாதாம். ஒரு பக்கத்தைக் காட்டினால் எதிர்த்தரப்பு முழு நோட்டையும் கேட்கும். கொடுத்தே ஆக வேண்டும். அந்த நாளின் குறிப்பைச் சபையில் முழுசாக வாசிப்பார்கள். அப்பா சாட்சியாக முன்வரிசையில் இருப்பார்.

"என்னடி, உள்ள காதல் சமாச்சாரம் ஏதாவது இருக்கா?" என்றார் அக்கா.

"அப்படி இருந்தா பரவாயில்லையேக்கா."

திங்கட்கிழமை வரை யோசிக்க நேரம் கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டால் வழி போய்விடும், தன்னால்தான் போனது என்று அப்பா கடைசி வரை நினைத்துக்கொண்டிருப்பார். கொடுத்தால் அவர் மகள் அவரைப் பற்றி என்ன எழுதினாள் என்று ஊர் நடுவில் உட்கார்ந்து கேட்பார். இதில் எதை அவருக்குச் செய்யலாம்?

மே 5, ஞாயிறு

இன்று காலை நோட்டை அவர் மடியில் வைத்தேன். "மத்தவங்க படிக்கிறதுக்கு முன்னாடி நீங்க படிங்கப்பா," என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் நிற்க முடியவில்லை. சமையலறையில் அம்மாவோடு நின்று ஏற்கெனவே துடைத்த பாத்திரங்களைத் துடைத்தேன். பழைய விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி அவர் விரலை வரிக்குக் கீழே நகர்த்திப் படிப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

கூப்பிட்டார்.

"மர வியாபாரி சொன்னதை அப்படியே எழுதியிருக்க. எனக்கே மறந்து போச்சு."

"அதுக்குக் கீழே..."

"படிச்சேன்."

கையிலிருந்த துணியை மடித்தேன், பிரித்தேன்.

"கணக்கு வகுப்பு இல்லைன்னு அப்பவே தெரியும்மா," என்றார். "ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடச் சாவி என் சட்டைப் பையில இருக்கும். யாரு திறந்துவிட்டு, யாரு பாடம் எடுப்பாங்க?"

"ஏன் கேக்கல?"

"நூலகத்துலதான் இருக்கேன்னு தெரிஞ்சுது. நல்ல இடம்தானே." நோட்டை மூடி, சாக்லேட் தாள் அட்டையைத் தடவிக்கொடுத்தார். "குடுத்துடு. ஆனா ஒண்ணு. 'கூச்சம்'கிற வார்த்தையில பிழை இருக்கு. பெரிய ஆளாகி மத்தவங்க பிழையைத் திருத்தப் போறவ."

எடுத்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. சும்மா சொல்லியிருக்கிறார்.

மே 16, வியாழன்

விசாரணை. மாவட்ட அலுவலகத்தின் கூட்ட அறை, பச்சைத் துணி விரித்த மேஜை, கிறீச்சிடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி, சளி பிடித்திருந்தது.

வக்கீலம்மா என் குறிப்பை வாசித்தார். எல்லாவற்றையும். 'வேறு யாருடைய மகளாகவாவது' வந்தபோது என் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் புறங்கையைத் தட்டினார்கள். தபால்காரர்.

எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், கெட்டிக்காரர். ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"உங்க மகள் அன்னிக்கோட வர்றதை நிறுத்திட்டாங்க. சரிங்களா?"

"ஆமாங்க."

"ஆனா அதுக்கப்புறம் பதின்மூணு வருஷமும் நீங்க ரெண்டு பேர்னு எழுதியிருக்கீங்க. அது பொய்?"

"பொய்தாங்க."

"ஏன்?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்ன பதிலைச் சொல்லுவார் என்று நினைத்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "ஒருத்தர்னு எழுத மனசு வரலீங்க," என்றார்.

நான் செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவ்வளவுதான்.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "அப்போ அந்தத் தலைப்பு? 'அனுமதி பெற்று'ன்னு நீங்க எழுதினது?"

"அதுவும் இல்லாததைத்தான் எழுதினேன். மரியாதைக்கு."

"அப்போ இந்த ஏழு நோட்டுல நீங்க எழுதினதுல எதுதாங்க உண்மை?"

அப்பா யோசித்தார். "மீன் எண்ணிக்கை," என்றார்.

பின்வரிசையிலிருந்து முள்ளு: "அம்மா, இருக்கறதுலயே பெரிய பொய் அதுதாங்க!"

அதிகாரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். சளிக்கு என்று நான் நம்பவில்லை. புது முதலாளிகூடச் சிரித்துவிட்டார்.

மே 17, வெள்ளி

அச்சகத்தில் ஒரு பக்கத்தையே ஒரு மணி நேரம் படித்தேன். ஒருத்தர்னு எழுத மனசு வரலீங்க.

ஜூன் 30, ஞாயிறு

உத்தரவு வரவில்லை. தூண்டில் பை இன்னும் வாசல் மூலையில்தான். அம்மா அதைத் துடைத்து வைக்கிறாள், எடுத்து வைக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பதிவுத் தபாலில் ஏழு பக்கம். அப்பா ஒவ்வொரு பத்தியையும் உரக்கப் படித்தார், எண்களோடு. நானும் அம்மாவும் நின்றுகொண்டே கேட்டோம். ஆறாம் பக்கத்தில்தான் விஷயம். பொது வழி, நடந்து போகிறவர்களுக்கு மட்டும், வண்டிகளுக்கு இல்லை. விடுமுறை வீடுகள் வரும். வழியைத் தொடக் கூடாது. சுற்றிலும் கால்நடைகள் மேய்வதால் கேட் இருக்கலாம், பூட்டக் கூடாது, நடப்பவர்கள் சாத்திவிட்டுப் போக வேண்டும்.

"நான் சொன்னதுதான்," என்றார் அப்பா. "அப்பவே சொன்னேன்."

"ஸ்கேலை எங்கயாவது ஒளிச்சு வைடி," என்றாள் அம்மா என்னிடம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இருபது நிமிட நடைக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆனது, அவர் முட்டியால். தோப்பில் பாதி மரங்கள் இல்லை. நான் நினைத்து வைத்திருந்ததைவிடத் தண்ணீர் சின்னது. கோபுரத்தின் வண்ணம் உரிந்திருக்கிறது. எண் கம்பங்கள் அப்படியே இருக்கின்றன, தண்ணீர் பதினொன்றில்.

ஆரஞ்சை நான் உரித்தேன். எனக்கு ஒரே சுருளாக வரவில்லை, மூன்று துண்டாக வந்தது. "பழகணும்," என்றார்.

தகரப் பெட்டி இன்னும் தூணில் தொங்குகிறது. உள்ளே நோட்டு இல்லை. இனி யாரும் எழுத வேண்டியதில்லை. ஆனால் வெளியே வரும்போது அப்பாவின் கை பழக்கத்தில் பெட்டி மூடியைத் திறந்து, பார்த்து, மூடியது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

உள்ளே 6.40. வெளியே 11.15. மீன் இல்லை. கேட்டைச் சாத்தினோம்.

2 பேர்.